மூக்கின் வழியே மூளைக்கு: மொன்றியல் நிபுணர் ஜூல் ஹார்டி மீட்டெடுத்த பாதை

மண்டையோட்டைத் திறக்காமல், மூக்கின் வழியாகச் சென்று மூளையின் அடியில் உள்ள கட்டியை அகற்றும் அறுவைச் சிகிச்சை இன்று உலகின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் வழக்கமாகச் செய்யப்படும் ஒன்று. ஆனால் 1960களின் தொடக்கத்தில் இந்த முறை, ஐரோப்பாவில் ஒரு சிலரைத் தவிர, அநேகமாக எல்லோராலும் கைவிடப்பட்டிருந்தது.

அதை வட அமெரிக்காவுக்கு மீண்டும் கொண்டுவந்து, இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டவர் என்று கருதப்படுபவர், கனடாவின் மொன்றியல் நகரில் நோத்ர் டாம் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் ஜூல் ஹார்டி.

மொன்றியல் என்றதும் மருத்துவ உலகின் நினைவுக்கு வருவது பெரும்பாலும் வேறொரு பெயர்தான். மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மொன்றியல் நரம்பியல் கழகத்தை 1934ஆம் ஆண்டில் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்ட், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மின்சாரத்தால் தூண்டி, எந்தப் பகுதி எந்த உறுப்பை இயக்குகிறது என்று வரைபடம் தீட்டியவர். அவரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கும் மொன்றியலுக்கும் உள்ள இந்தத் தொடர்பு பலரும் அறிந்ததே.

ஹார்டி அந்த ஆங்கிலமொழி நிறுவனத்தின் நிழலில் அல்லாமல், நகரின் பிரெஞ்சுமொழி மருத்துவ உலகில் வளர்ந்தவர். மொன்றியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நோத்ர் டாம் மருத்துவமனை, ஷெர்புரூக் வீதியில் லா ஃபோந்தேன் பூங்காவுக்கு எதிரே அமைந்துள்ளது. அங்கு நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைக் கட்டியெழுப்பியவர் டாக்டர் க்ளோட் பெர்ட்ரான். ஹார்டியின் பணிக்காலம் அங்கேயே அமைந்தது.

பட்டாணி அளவுச் சுரப்பி

ஹார்டியின் பணியைப் புரிந்துகொள்ள, பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் இடத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அரை கிராம் அளவே எடையுள்ள, ஒரு பட்டாணி அளவிலான இந்தச் சுரப்பி, மூளையின் அடியில் ஒரு சிறு காம்பிலிருந்து தொங்குகிறது. அது அமர்ந்திருக்கும் எலும்புக்குழி, குதிரையின் மீது போடப்படும் சேணத்தைப் போன்ற வடிவம் கொண்டது. துருக்கிச் சேணம் என்றே பழைய உடற்கூற்று அறிஞர்கள் அதற்குப் பெயரிட்டனர்.

உடலின் வளர்ச்சி, மாதவிடாய், கருத்தரிப்பு, தாய்ப்பால், தைராய்டு, சிறுநீரின் அளவு, நெருக்கடி நேரத்தில் உடல் தாக்குப்பிடிக்கும் திறன் ஆகிய அனைத்தும் இந்தச் சிறு சுரப்பியின் கட்டுப்பாட்டில் உள்ளவை. இதில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் அவை விளைவிக்கும் கேடு பெரிது.

கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால், கைகளும் பாதங்களும் தாடையும் பருத்துக்கொண்டே போகும். அணிந்திருக்கும் மோதிரம் கழற்ற முடியாமல் இறுகுவதும், ஆண்டுதோறும் காலணியின் அளவு கூடுவதும்தான் பலருக்கு முதல் அறிகுறி. புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மிகுந்தால், குழந்தை பெறாத பெண்ணுக்கும் பால் சுரக்கும், மாதவிடாய் நின்றுபோகும். அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் மிகுந்தால், முகமும் வயிறும் பருத்து, கைகால்கள் மெலிந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். எதையும் சுரக்காத கட்டியோ, மேல்நோக்கி வளர்ந்து, சரியாக அதற்கு மேலே குறுக்கிட்டுச் செல்லும் பார்வை நரம்புகளை நசுக்கும். இரு பக்கங்களிலும் ஓரப்பார்வை மெல்ல மறைந்து, கடிவாளம் கட்டிய குதிரையின் பார்வைபோல் ஆகிவிடும்.

இந்தச் சுரப்பிக்கு மேலே மூளை. இரு பக்கங்களிலும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனிகள். மேலிருந்து வருவதானால் மண்டையோட்டைத் திறந்து, மூளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இந்த இடத்தை அடைய முடியும். ஆனால் கீழிருந்தும் முன்னிருந்தும் வந்தால், குறுக்கே இருப்பவை மூக்குத் துவாரமும், அதன் பின்னால் காற்று நிரம்பிய ஆப்புருவ எலும்பின் அறையும் மட்டுமே. இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்திய பண்டைய எகிப்தியர்கள் மூளையை மூக்கின் வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள். பாதை இருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. உயிரோடிருப்பவரிடத்தில் அதில் போய்த் திரும்புவதுதான் சிக்கல்.

கைவிடப்பட்ட வழி

உயிருள்ள மனிதரிடம் இந்த வழியாகக் கட்டியை முதன்முதலில் அகற்றியவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்லாஃபர். ஆண்டு 1907. அதற்காக அவர் மூக்கையே ஒரு பக்கமாக அறுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. அதன்பின் அமெரிக்காவில் நவீன நரம்பியல் அறுவைச் சிகிச்சையின் தந்தை எனப்படும் ஹார்வி குஷிங், மேலுதட்டைத் தூக்கி அதன் உட்புறத்தில் கீறிச் செல்லும் முறையைச் செம்மைப்படுத்தினார். முகத்தில் தழும்பு விழாத வழி அது. 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு அவர் இவ்வாறு அறுவைச் சிகிச்சை செய்தார். இறந்தவர்கள் 5.6 சதவீதம். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் இது வியக்கத்தக்க அளவு குறைவு.

இருந்தும் 1920களின் இறுதிக்குள் குஷிங் இந்த வழியைக் கைவிட்டு, மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கே திரும்பினார். ஆழமான, குறுகலான, வெளிச்சமற்ற ஒரு குழிக்குள் கண்ணால் சரியாகப் பார்க்க முடியாமல் வேலை செய்வதைவிட, மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துச் செய்வது பார்வை நரம்புகளை மீட்க உகந்தது என்பது அவரது முடிவு. அவர் விட்டதும் உலகமும் விட்டது. ஒரு பெரிய மனிதரின் மன மாற்றம் ஒரு துறையையே எப்படித் திசை திருப்பும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதில் ஒரு முரணும் உண்டு. 1932ஆம் ஆண்டில், பிட்யூட்டரியில் தோன்றும் மிகச் சிறிய கட்டிகள் உடல் முழுவதையும் சீர்குலைக்கும் நோய் ஒன்றை குஷிங் விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அத்தகைய சிறு கட்டிகளை அணுக மிகவும் ஏற்ற வழியை அதற்குள் அவரே மூடிவிட்டிருந்தார்.

வழி முற்றாக அற்றுப்போகாமல் காத்தவர் ஒருவர். பாஸ்டனில் குஷிங்கிடம் பயின்ற ஸ்காட்லாந்து நிபுணர் நார்மன் டாட், எடின்பரோவில் தொடர்ந்து மூக்கு வழியாகவே அறுவைச் சிகிச்சை செய்துவந்தார். குழிக்குள் வெளிச்சம் பாய்ச்ச, விளக்கு பொருத்திய கருவி ஒன்றையும் உருவாக்கினார். 1956ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து ஜெரார் கியோ என்பவர் எடின்பரோ வந்து அவரது அறுவைச் சிகிச்சையை நேரில் பார்த்தார். திரும்பிச் சென்று தாமும் அதைத் தொடங்கினார். கியோவிடம் பாரிஸ் சென்று பயின்றவர்தான் ஹார்டி. குஷிங், டாட், கியோ, ஹார்டி என்று ஆசானிடமிருந்து மாணவருக்குக் கைமாறிய வித்தை இது. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

பாரிஸில் கற்ற இரண்டு

ஹார்டி பாரிஸில் கற்றது ஒன்றல்ல, இரண்டு. நடுக்குவாத நோயாளிகளின் மூளைக்குள், சிறு துளை வழியாக மெல்லிய மின்முனையைச் செலுத்தி, நரம்பணுக்களின் மின் துடிப்பைக் கேட்டு, சரியான இடத்தைக் கண்டறியும் ஆய்வு அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. கியோ, ஹார்டி, உடலியங்கியல் அறிஞர் தெனீஸ் அல்ப் ஃபெசார் ஆகிய மூவரும் இணைந்து 1962ஆம் ஆண்டில் இதுபற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். இன்று நடுக்குவாதத்துக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையில் இடத்தைத் துல்லியமாக அறியப் பயன்படும் முறையின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

இரண்டுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. திறப்பு சிறிதாக இருக்க வேண்டுமானால், உள்ளே எங்கே இருக்கிறோம் என்பது மிகத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்த ஊடுருவல் என்று இன்று சொல்லப்படும் அறுவைச் சிகிச்சைகள் அனைத்தும் இந்த ஒன்றையே சார்ந்துள்ளன. கத்தியின் நுட்பத்தைவிடக் கண்ணின் எட்டுதலே இங்கு முக்கியம்.

மொன்றியல் திரும்பிய ஹார்டி, 1962ஆம் ஆண்டிலேயே கனடாவின் பிரெஞ்சுமொழி மருத்துவ இதழ் ஒன்றில் மூக்கு வழி அறுவைச் சிகிச்சை பற்றி எழுதினார். அடுத்து 1965இல் அமெரிக்க நரம்பியல் அறுவைச் சிகிச்சை இதழில், அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே ஊடுகதிர்ப் படத்தைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்தபடி செயல்படும் முறையை விவரித்தார். பக்கவாட்டிலிருந்து எடுக்கப்படும் அந்தப் படத்தில், கருவியின் நுனி எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அந்தக் கணத்திலேயே தெரியும். தண்டுவடத்தின் வழியே சிறிது காற்றைச் செலுத்தினால், கட்டியின் மேல் விளிம்பும் படத்தில் புலப்படும்.

ஆனால் இடமா வலமா என்பதை அந்தப் படம் காட்டாது. தமனிகள் இருப்பதோ இரு பக்கங்களிலும். ஆகவே மூக்கின் நடுச்சுவரையே வழிகாட்டியாகக் கொண்டு, மயிரிழையும் விலகாமல் நடுக்கோட்டில் செல்ல வேண்டும்.

நுண்ணோக்கியில் தெரிந்தது

அடுத்த படிதான் ஹார்டியின் பெயரை நிலைக்கச் செய்தது. காது மருத்துவர்கள் பயன்படுத்திவந்த அறுவை நுண்ணோக்கியை இந்தக் குழிக்குள் திருப்பினார். ஒளியும் உருப்பெருக்கமும் ஒரே கோட்டில் உள்ளே பாய்ந்தன. குஷிங்கை விரட்டிய இருட்டு அத்துடன் விலகியது.

அக்காலத்தில் பிட்யூட்டரி அறுவைச் சிகிச்சைகளில் கணிசமானவை கட்டிக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தவும், சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப் பார்வை போவதைத் தடுக்கவும், நல்ல நிலையில் உள்ள சுரப்பியையே முழுவதுமாக அகற்றும் வழக்கம் இருந்தது. பின்னர் ஹார்மோன் தடுப்பு மருந்துகளும் லேசர் சிகிச்சையும் வந்ததும் அந்த அறுவைச் சிகிச்சை மறைந்துபோனது. ஆனால் அது ஹார்டிக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. நோயற்ற சுரப்பி நுண்ணோக்கியின் கீழ் எப்படியிருக்கும் என்பதை அவர் மீண்டும் மீண்டும் கண்டார். அது மஞ்சள் கலந்த செம்மை நிறமுடையது, சற்றே இறுக்கமானது. கட்டியோ சாம்பல் கலந்த வெண்மை, குழைவானது. இரண்டுக்கும் இடையே எல்லை உண்டு. அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுத்துவிடலாம், சுரப்பியை விட்டுவிடலாம்.

இதிலிருந்து பிறந்ததுதான் 'மைக்ரோ அடினோமா' என்ற கருத்து. பத்து மில்லிமீட்டருக்கும் குறைவான, சுரப்பிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் கட்டி. அதுவரை பிட்யூட்டரிக் கட்டி என்றால், ஊடுகதிர்ப் படத்தில் எலும்புக்குழி விரிந்திருக்க வேண்டும், அல்லது பார்வை பழுதாகியிருக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்ததே 1971ஆம் ஆண்டில்தான். குழி இயல்பான அளவில் இருக்கும்போது, உள்ளே கட்டி இருப்பதாக நம்பி ஒருவரை அறுவை மேசையில் கிடத்துவது அன்றைய மருத்துவத்தில் சாதாரணத் துணிச்சல் அல்ல. நோயாளியின் உடல் மாற்றங்களையும், எலும்புக்குழியின் தரையில் அடுக்கு ஊடுகதிர்ப் படம் காட்டும் சிறு புடைப்பையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

1960களின் இறுதியில் அவர் இந்த அனுபவங்களை வெளியிட்டார். ஒரு நோயை நீக்கினாலும், வாழ்நாள் முழுவதும் மாற்று ஹார்மோன்களை நம்பி வாழும் நிலையை நோயாளிக்கு ஏற்படுத்தாமல் இருக்கலாம் என்பதே அவற்றின் சாரம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பெண் கருத்தரிக்க முடிகிறதா, முடியவில்லையா என்பது, சுரப்பியில் எஞ்சியிருக்கும் சில மில்லிமீட்டர் திசுவைப் பொறுத்தது. வெளியில் தழும்பு இல்லை என்பதையே குறைந்த ஊடுருவலின் சிறப்பாகப் பலர் பேசுகிறார்கள். ஹார்டியின் சாதனை உள்ளே எதை விட்டுவைத்தார் என்பதில்தான் இருக்கிறது.

கட்டிகளை எலும்புக்குழியின் நிலையையும், மேல்நோக்கிய வளர்ச்சியையும் வைத்து அவர் வகைப்படுத்திய முறை, பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் சார்ல்ஸ் வில்சன் செய்த திருத்தங்களுடன், ஹார்டி-வில்சன் வகைப்பாடு என்று இன்றும் வழங்குகிறது. மூக்குக்குள் வழியைத் திறந்து பிடிக்கும் கருவியும், வேறு சில சிறு கருவிகளும் இன்னும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன.

அதே நகரில் வந்த மாத்திரை

ஹார்டியின் அறுவை அரங்கிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், மெக்கில் பல்கலைக்கழகத்தில், ஹென்றி ஃப்ரீசன் என்ற அறிஞர் வேறொரு கேள்வியில் ஈடுபட்டிருந்தார். மனிதர்களிடம் புரோலாக்டின் என்று தனியான ஹார்மோன் ஒன்று உண்டா என்பதே அந்தக் கேள்வி. 1970களின் தொடக்கத்தில் அவரும் அவரது குழுவினரும் அதைப் பிரித்தெடுத்து, இரத்தத்தில் அதன் அளவைக் கணக்கிடும் சோதனையையும் உருவாக்கினர். காரணம் தெரியாத மலட்டுத்தன்மை என்று ஒதுக்கப்பட்ட பெண்களில் ஒரு பகுதியினரின் நோய், பிட்யூட்டரியில் உள்ள சிறு கட்டிதான் என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. ஹார்டி சொன்ன சிறு கட்டிகள் கற்பனையல்ல என்பதற்கு இரத்தச் சோதனையே சான்றானது.

ஆனால் அதே அறிவு அறுவைச் சிகிச்சையின் எல்லையையும் சுருக்கியது. புரோலாக்டின் சுரப்பைத் தடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையும், பின்னர் வந்த கேபர்கோலினும் கட்டியையே சுருங்கச் செய்தன. இன்று இவ்வகைக் கட்டி உள்ள பெரும்பாலானோருக்கு முதல் சிகிச்சை மாத்திரைதான். வளர்ச்சி ஹார்மோன் கட்டிகளுக்கும், குஷிங் நோய்க்கும், பார்வையை நசுக்கும் கட்டிகளுக்கும் மூக்கு வழி அறுவைச் சிகிச்சையே முதலிடத்தில் நீடிக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்ததில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சிறு கட்டி இருந்தது தெரியவந்துள்ளது. வாழ்நாளில் அவர்களுக்கு அது எந்தத் தொல்லையும் தரவில்லை. தலைவலிக்காக எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் தற்செயலாக ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் உடனே கத்தியை நாட வேண்டியதில்லை. ஹார்மோன் சோதனையும் பார்வைச் சோதனையுமே முடிவைச் சொல்ல வேண்டும்.

அறுவைச் சிகிச்சையும் ஆபத்தில்லாதது அல்ல. மூளையைச் சூழ்ந்துள்ள திரவம் மூக்கு வழியாகக் கசியலாம். அதனால் மூளைக்காய்ச்சல் வரலாம். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்து, நோயாளி தீராத தாகத்தால் அவதிப்படலாம்; பெரும்பாலும் இது தற்காலிகமானது. தமனியில் காயம் ஏற்படுவது அரிது, ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. இவை எல்லாம் அறுவைச் சிகிச்சை செய்பவரின் அனுபவம் கூடக் கூடக் குறைகின்றன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்யும் இடத்துக்கும், வாரந்தோறும் செய்யும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு, நோயாளிகள் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்கக் கூடாத செய்தி.

நுண்ணோக்கிக்குப் பின்

1990களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹே டோங் ஜோ, ரிக்கார்டோ கராவ் ஆகியோர், நுண்ணோக்கிக்குப் பதிலாக உள்நோக்கிக் குழாயை மூக்குத் துவாரத்தின் வழியே செலுத்தும் முறையைப் பரவலாக்கினர். உதட்டின் உட்புறக் கீறலும் தேவையற்றதாயிற்று. உள்நோக்கியை ஹார்டியின் ஆசான் கியோவே 1960களில் முயன்றுபார்த்து, அன்றைய கருவியின் மங்கலான படத்தால் விட்டுவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. உள்நோக்கி கட்டியின் பக்கங்களையும் மூலைகளையும் விரிவாகக் காட்டுகிறது. அதேவேளை, அனுபவம் மிக்கவர்களின் கையில் இரண்டு முறைகளின் பலனும் பெரிதாக வேறுபடவில்லை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் கூறுகின்றன. கருவி மாறியிருக்கிறது, நடுக்கோட்டை விடாதே, சுரப்பியைக் காப்பாற்று என்ற விதிகள் மாறவில்லை.

நோத்ர் டாம் மருத்துவமனை 1996ஆம் ஆண்டில் வேறு இரு மருத்துவமனைகளுடன் இணைக்கப்பட்டு மொன்றியல் பல்கலைக்கழக மருத்துவமனையின் அங்கமானது. 2017ஆம் ஆண்டில் அந்த அமைப்புக்கு நகரின் மையத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்டதும், நோத்ர் டாம் மீண்டும் தனி மருத்துவமனையானது. இதற்கிடையே கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம், மொன்றியல் உள்ளிட்ட நகரங்களின் நரம்பியல் நிபுணர்களுடன் சேர்ந்து, மூளை அறுவைச் சிகிச்சையைக் கணினியில் பழகும் கருவியொன்றை உருவாக்கியது. திசுவைத் தொடும்போது ஏற்படும் எதிர்விசையையும் கையில் உணரச் செய்யும் அந்தக் கருவியில், மூக்கின் வழியே உள்நோக்கியைச் செலுத்திப் பிட்யூட்டரியை அடையும் பயிற்சியும் இடம்பெற்றது.